படியும் பொருளும்: பூர்வாசார்யர்கள் ஜ்ஞானத்தைப் பகிர்ந்த முறை

திருவாய்மொழிக்கு அமைந்த வ்யாக்யானங்கள் ஐந்தும் எண்ணால் பெயர் பெற்றவை. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிச்செய்தது ஆறாயிரப்படி. நஞ்சீயர் அருளிச்செய்தது ஒன்பதினாயிரப்படி. பெரியவாச்சான்பிள்ளை அருளிச்செய்தது இருபத்துநாலாயிரப்படி. நம்பிள்ளை ஸாதித்த காலக்ஷேபத்தைக் கேட்டு வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. வாதிகேஸரி அழகியமணவாள ஜீயர் அருளிச்செய்தது பன்னீராயிரப்படி. இவற்றில் 'படி' என்பது க்ரந்தம் எனப்படும் எழுத்தளவு. ஒற்றை நீக்கி, உயிரும் உயிர்மெய்யுமாக எண்ணப்படும் 32 எழுத்துகள் சேர்ந்தது ஒரு க்ரந்தம். அக்கணக்கில் ஆறாயிரப்படி 1,92,000 எழுத்தளவினது. ஈடு 11,52,000 எழுத்தளவினது. ஆறாயிரப்படி ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவையும், இருபத்துநாலாயிரப்படி ஸ்ரீராமாயணத்தின் அளவையும், ஈடு ச்ருதப்ரகாசிகையின் அளவையும் ஒத்தது என்று பெரியோர் சொல்லுவர்.

இந்த எண்கள் சுவடியின் அளவைச் சொல்லுமேயன்றி, அதனைக் கேட்டவர் எவ்வளவு அறிந்தார் என்பதைச் சொல்லமாட்டா. விளக்கப்படும் பாசுரங்களோ எல்லா வ்யாக்யானங்களுக்கும் அதே 1,102 தாம். ஈட்டில் ஆறாயிரப்படியைப் போல் ஆறு மடங்கு எழுத்து உண்டு என்பதனால், பிள்ளானைக் காட்டிலும் நம்பிள்ளை ஆறு மடங்கு அறிந்தவர் என்று சொல்வார் ஒருவருமிலர். அளவிடத்தக்கது எது, அளவிடத்தகாதது எது என்னும் இவ்வேறுபாடு, பெயரிடும் வழக்கத்திலேயே மறைந்து நிற்கிறது. இக்காலத்தார் தரவு, தகவல், அறிவு என்று பிரித்துப் பேசும் பொருளைப் பூர்வாசார்யர்கள் தம் நடையாலேயே பிரித்துக் காட்டிப் போந்தனர். ஒருவர் அறிந்ததை மற்றொருவருக்கு வழங்கும்போது உண்மையில் கைமாறுவது எது என்பது, குருபரம்பரையின் சில வரலாறுகளை இந்நோக்கோடு காணுமிடத்துத் தெளிவாகும்.

மூன்று நிலைகள்

முதலில் சொற்களின் எல்லையை வரையறுத்துக் கொள்வது தகும். ஏட்டில் உள்ள எழுத்தும் செவியில் விழும் ஒலியும் தரவு. ஸம்ப்ரதாய வழக்கில் இதனைச் சப்தம் எனலாம். இச்சொல் இன்ன நூலில் இன்ன இடத்தில் உள்ளது, இதனை அருளிச்செய்தவர் இன்னார், இதன் நேர்ப்பொருள் இது என்று அச்சப்தத்தைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி தகவல். அச்சப்தமும் செய்தியும் ஒருவன் உள்ளத்தில் ஒன்றுபட்டு, முன்பின் பொருந்த ஆராயப்பட்டு, அவனுடைய நிலையையே மாற்றுமளவுக்கு ஊன்றி நின்றால் அது ஜ்ஞானம்.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஏழாம் அத்யாயம் இவ்வேறுபாட்டின் மேல் நிற்பது. நாரதர் ஸனத்குமாரரைப் பணிந்து உபதேசம் வேண்டுகிறார். அறிந்ததைச் சொல், அதற்குமேல் சொல்லுகிறேன் என்கிறார் ஸனத்குமாரர். நான்கு வேதங்கள், இதிஹாஸ புராணங்கள், இலக்கணம், கணிதம், நக்ஷத்ர வித்யை என்று நாரதர் நீண்டதொரு பட்டியலைச் சொல்லி, இவ்வளவும் கற்றும் தாம் மந்த்ரவித்தேயன்றி ஆத்மவித்து அல்லர் என்றும், சோகத்தைக் கடக்கவில்லை என்றும் விண்ணப்பிக்கிறார். அவரிடம் குறை என்பது நூல்களில் இல்லை. கற்றது அவருடைய சோகத்தைத் தீண்டவில்லை என்பதே குறை.

எம்பெருமானாரும் ஸ்ரீபாஷ்யத்தில் முதல் ஸூத்ரத்தின் கீழே இவ்விஷயத்தை நிர்ணயித்தருளினார். வாக்யத்தைக் கேட்ட மாத்திரத்தில் பிறக்கும் வாக்யார்த்த ஜ்ஞானத்தை வேதாந்தங்கள் மோக்ஷ ஸாதனமாக விதிக்கவில்லை. சொல்லறிந்தவனுக்கு அது தானே பிறந்துவிடும், அதற்கு விதி வேண்டா. விதிக்கப்படுவது த்யானம், உபாஸனம் என்னும் சொற்களால் சொல்லப்படும் ஜ்ஞானமாகும். எண்ணெய்த் தாரை போல் இடையறாத நினைவாகி, பக்தி எனும் நிலையை அடைவது அது. வாக்யத்தின் பொருளை ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்துவிடலாம். இடையறாத நினைவைக் கொடுக்க இயலாது. அது பெறுபவனிடத்தில் விளைய வேண்டும்.

இம்மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தால் நேரும் கேட்டுக்கு ஸ்ரீபாஷ்யத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அம்முதல் ஸூத்ரத்தின் கீழேயே மஹாபூர்வபக்ஷம் என்ற நெடிய பகுதி உள்ளது. நிர்விசேஷ ப்ரஹ்மமே உண்மை, மற்றவை மித்யை என்னும் பக்ஷத்தை, அதனைக் கொண்டாடுவோரும் வியக்கும்படி எம்பெருமானார் அங்கே எடுத்துரைத்து, பின்னர் மஹாஸித்தாந்தத்தில் அதனை மறுத்தருளுகிறார். அப்பூர்வபக்ஷத்திலிருந்து ஒரு வாக்யத்தை ஒருவன் பிரித்தெடுத்து, இது ஸ்ரீபாஷ்ய வாக்யம் என்று பிறருக்குக் காட்டினால், எழுத்தில் பிழையில்லை. ஸ்ரீபாஷ்யத்தில் உள்ளது என்ற செய்தியிலும் பொய்யில்லை. ஆயினும் எம்பெருமானாருடைய திருவுள்ளம் இது என்று கேட்பவன் கொண்டால், அவன் ஸித்தாந்தத்திற்கு நேர் எதிரானதையே அறிந்தவனாவான். தரவு மெய், தகவல் மெய், அறிவு பொய் என்னும் இந்நிலை நேர்வதற்கு ஒருவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பகிரும்போது முன்னும் பின்னும் அறுபட்டாலே போதும்.

ஆயிரத்தில் பத்து

வீரநாராயணபுரத்தில் மன்னனார் ஸந்நிதிக்கு மேல்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள், திருக்குடந்தை எம்பெருமான் விஷயமான திருவாய்மொழி ஒன்றை அனுஸந்தித்தனர் என்பதும், அதனைக் கேட்ட நாதமுனிகள் உருகினார் என்பதும் யாவரும் அறிந்த வரலாறு. அது ஐந்தாம் பத்தில் எட்டாம் திருவாய்மொழி. அதன் பலச்ருதிப் பாசுரம், இப்பத்தும் ஓர் ஆயிரத்தினுள் அடங்கியது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லுகிறது. நாதமுனிகள் மற்றைப் பாசுரங்களும் வருமோ என்று கேட்க, தங்களுக்கு இவ்வளவே வரும் என்றனர் அவர்கள்.

அவர்கள் பாடியதும் நாதமுனிகள் கேட்டதும் ஒரே சொற்கள். அச்சொற்களை அன்போடு நெஞ்சிற்கொண்டு, பிழையின்றிக் காத்து, ஊர் கடந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள். அதனால் அவர்கள் செய்த உபகாரம் பெரிது. அப்பதினொரு பாசுரங்களும் வந்திராவிடில் தேடுதற்கு அடியே இராது. ஆனால் பலச்ருதியில் இருந்த ஆயிரம் என்னும் சொல், நாள்தோறும் பாடியவர்களுக்குப் பாட்டின் ஒரு பகுதியாகவே நின்றது. கேட்ட நாதமுனிகளுக்கு, இழந்தது எவ்வளவு என்று அறிவிக்கும் செய்தியாயிற்று. அச்செய்தி தேட்டமாயிற்று, தேட்டம் அவரைத் திருக்குருகூருக்கு நடத்திற்று. அங்கே மதுரகவியாழ்வாரின் வழிவந்த பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, அதனை 12,000 உரு அனுஸந்திக்க, ஆழ்வார் ப்ரஸந்நராய் நாலாயிரத்தையும் அவற்றின் பொருளையும் அருளினார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு.

பெற்றதை நாதமுனிகள் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தம் மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு அதனைத் தேவகானத்தில் அமைத்துப் பரப்பினார். பண்ணோடு கூடிய சொல் எளிதில் சிதையாது. சொல்லைக் காப்பதற்கு இசை, பொருளைக் காப்பதற்கு உபதேசம் என்று இரு காவல்கள் அன்றே ஏற்பட்டன.

காவிரியில் போன ஸ்ரீகோசம்

நஞ்சீயர் தாம் அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படியை நன்றாக ஏடுபடுத்த விரும்பி, அழகாக எழுதவல்லார் உளரோ என்று வினவ, நம்பூர் வரதராஜரைக் காட்டினர். எழுத்தழகு மட்டும் போதாது என்று திருவுள்ளம் பற்றிய ஜீயர், க்ரந்தத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பு, முழுவதையும் ஒருமுறை அவருக்குப் பொருளோடு ஸாதித்தார். பின்னர் மூலச் சுவடியைப் பெற்றுக்கொண்டு வரதராஜர் தம் ஊருக்குப் புறப்பட்டார். காவிரியில் நீந்திக் கடக்கும்போது வெள்ளம் சுவடியை அடித்துச் சென்றது. அவர் வெற்றோலைகளை எடுத்து, கேட்டதை நினைந்து முழுவதையும் எழுதி முடித்தார். தமிழில் வல்லவராதலின் சிலவிடங்களில் விசேஷப் பொருள்களையும் சேர்த்தார். ஜீயர் அச்சுவடியைக் கண்டு, தாம் சொல்லாதவையும் தம் கருத்துக்கு இசைந்தவையுமான பொருள்கள் இருக்கக் கண்டு வினவ, நடந்ததை அவர் அஞ்சியபடியே விண்ணப்பித்தார். ஜீயர் உகந்து அவரை அணைத்து, நம்முடைய பிள்ளை என்று அபிமானித்தார். அத்திருநாமமே நம்பிள்ளை என்று நிலைத்தது.

இவ்வரலாற்றை நம்பிள்ளையின் நினைவாற்றலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அதனினும் மேலான ஒன்று இதிலுண்டு. நினைவாற்றல் மட்டும் இருந்திருக்குமாயின் போன சுவடியே திரும்பி வந்திருக்கும், ஓரெழுத்தும் கூடியிராது. வந்ததோ போனதினும் சிறந்தது. ஏனெனில் ஜீயர் ஒருமுறை ஸாதித்தபோது வரதராஜர் உள்ளத்தில் சென்று சேர்ந்தவை வெறும் வாக்யங்கள் அல்ல. அவ்வாக்யங்கள் எவ்வழியே பிறந்தனவோ அவ்வழியும் சேர்ந்தது. வழியை அறிந்தவன் இழந்த வாக்யத்தை மீண்டும் உண்டாக்கவும் வல்லன். ஆசார்யன் சொல்லாதுவிட்ட இடத்தில் அவன் திருவுள்ளத்தைச் சொல்லவும் வல்லன். எழுதக் கொடுப்பதற்கு முன் பொருள் சொன்ன ஜீயரின் முன்யோசனையே வ்யாக்யானத்தைக் காத்தது. சுவடியை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் ஒன்பதினாயிரம் படியும் காவிரியோடு போயிருக்கும்.

நின்ற எழுத்தாணி

இதன் மறுபுறத்தைக் கூரத்தாழ்வான் காட்டினார். போதாயன வ்ருத்தியைக் காணக் காஷ்மீரம் சென்றபோது, சுவடி கைவிட்டுப் போக, எம்பெருமானாரின் வருத்தத்தைக் கண்ட ஆழ்வான், தாம் இரவுகளில் படித்தது முழுவதும் நினைவிலுள்ளது என்று விண்ணப்பித்தது ப்ரஸித்தம். அத்தகைய நினைவுடையாரையே எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தைப் பட்டோலை கொள்ள நியமித்தார். நியமிக்கும்போது ஒரு நிபந்தனையும் விதித்தார்: தாம் சொல்லும் பொருள் உமக்கு இசையாவிடில் எழுதுவதை நிறுத்திவிடும் என்பது அது.

ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தை நிரூபிக்குமிடத்தில், பகவத்சேஷத்வத்தைச் சொல்லாது ஜ்ஞாத்ருத்வத்தை மட்டும் எம்பெருமானார் ஸாதிக்க, ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. எழுதும் என்று மீண்டும் சொல்லியும் எழுதவில்லை. எம்பெருமானார் சீறியருளியும் ஆழ்வான் இசையவில்லை. சேஷவஸ்து விஷயத்தில் சேஷி இட்டது வழக்கு என்று அமைதியாயிருந்தார். பின்னர் எம்பெருமானார் ஆராய்ந்து, ஆழ்வான் நின்றதே தகுதி என்று திருவுள்ளம் பற்றி, அவரை அழைத்து உகந்து மேலே எழுதச்செய்தார்.

சொல்வதையெல்லாம் எழுதுபவன் தரவைப் பெயர்த்து வைக்கிறான். அக்கருவிக்குச் சொல்பவர் யாராயினும் வேற்றுமையில்லை. பொருளறிந்தவன் எழுதுமிடத்தில் எழுத்து ஸித்தாந்தத்தினின்று வழுவினால் கை தானே நிற்கும். நம்பிள்ளை இழந்ததை எழுதினார். ஆழ்வான் சொன்னதை எழுதாது நின்றார். செயல் வேறாயினும் இரண்டும் ஒரே தகுதியினின்று பிறந்தவை. ஆசார்யனுடைய வாக்யத்தைக் காட்டிலும் அவருடைய கருத்தை நெருங்கியிருத்தல் என்பதே அத்தகுதி. அதனை விரும்பியே எம்பெருமானார் அந்நிபந்தனையை முன்னமே விதித்தருளினார்.

திருக்கோட்டியூர் நம்பி காட்டிய இருவகை

எம்பெருமானார் ரஹஸ்யார்த்தத்தைப் பெறத் திருக்கோட்டியூருக்கு 18 முறை எழுந்தருளினார். திருமந்த்ரம் எட்டெழுத்து. சரமச்லோகமோ ஸ்ரீகீதையின் 18ஆம் அத்யாயத்தில் 66ஆம் ச்லோகமாகக் கீதை ஓதுவார் யாவர் நாவிலும் உள்ளது. சொல்லளவில் மறைவாக ஒன்றுமில்லை. எம்பெருமானார் அத்தனை முறை நடந்தது சொல்லின் பொருட்டன்று. பெற்ற பின்பு அதனை ஆசையுடையார் பலர்க்கும் அவர் வெளியிட, நம்பி முதலில் சீறிப் பின்பு அவருடைய பரஸம்ருத்தியை உகந்து, எம்பெருமானார் என்று அழைத்தருளினார். அதற்கு முன்பு ஓராண்வழியாய் உபதேசித்த முறையை உடையவர் மாற்றியருளினார் என்று மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் சொல்லுகிறார். மாற்றியது வரம்பையே, தகுதி வேண்டா என்று அவர் விட்டுவிடவில்லை. குலம், கல்வி, பலமுறை பரிசோதித்தல் ஆகியவை நீங்கின. ஆசை என்னும் ஒன்று நின்றது.

அதே நம்பி மற்றுமொரு ஸமயத்தில் ஸாக்ஷியாக நின்றார். எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருள் கேட்டுவரும் காலத்தில், இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்தை ஆழ்வாரின் வருத்தமாக ஆண்டான் பொருள் ஸாதித்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் உவப்பைச் சொல்லும்போது நடுவில் வருத்தம் பொருந்துமோ என்று கருதிய எம்பெருமானார், அதனை உபகார ஸ்ம்ருதியாகக் கொண்டு வேறு பொருள் விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் இது என்று ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். இதனை அறிந்த திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, இப்பொருளையே ஆளவந்தார் ஸாதிக்கத் தாம் கேட்டதுண்டு என்று சொல்ல, காலக்ஷேபம் மீண்டும் நடந்தது.

எம்பெருமானார் ஆளவந்தாரிடம் ஒருநாளும் பாடம் கேட்டவரல்லர். அவர் சொன்ன பொருளை அவருக்கு ஒருவரும் தகவலாகக் கொடுக்கவில்லை. பாசுரத்தின் முன்பின்னை நோக்கி அவர் உள்ளத்தில் விளைந்த பொருள், ஆளவந்தார் உள்ளத்தில் இருந்த பொருளாகவே முடிந்தது. ஆயினும் அது உண்மையென்று நிலைபெறுவதற்கு நம்பியின் ஸாக்ஷ்யம் வேண்டியிருந்தது. ஆண்டான் தயங்கியதும் குற்றமன்று. கேளாததைக் கேட்டதாகக் கொள்ளலாகாது என்னும் அவருடைய காவலும் ஸம்ப்ரதாயத்தின் காவலே. விளைந்த ஜ்ஞானமும் வழிவந்த செய்தியும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும் முறை அங்கே வெளிப்பட்டது.

ஆசை ஒன்றே தகுதியாதலுக்கு வாதிகேஸரி ஜீயரின் வரலாறும் சான்று. 32 வயது வரை எழுத்தறியாது, பெரியவாச்சான்பிள்ளையின் திருமடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்துவந்த அவர், அங்கு வேதாந்தம் பேசிக்கொண்டிருந்த சிலரிடம், விசாரிக்கப்படும் நூல் எது என்று கேட்டார். முஸலகிஸலயம், அதாவது உலக்கைக் கொழுந்து என்று அவர்கள் எள்ளிச் சொன்னார்கள். அப்படியொரு நூல் இல்லை என்பதையும் அறியாத அவர் அதனைப் பிள்ளையிடம் விண்ணப்பிக்க, பிள்ளை கருணையோடு அவருக்குக் கல்வி தொடங்கினார். சிறிது காலத்திலேயே வல்லவராகி, முஸலகிஸலயம் என்ற பெயராலேயே ஒரு நூலைச் செய்து காட்டினார் என்பர். அவருக்குக் கிடைத்த தகவல் முற்றிலும் பொய். அதனைக் கேட்ட ஆசை மெய்யாயிருந்தது; அதனை அறிந்த ஆசார்யனும் அருகிலிருந்தார். பின்னர் அவர் அருளிச்செய்த பன்னீராயிரப்படி பதந்தோறும் பொருள் சொல்லிச் செல்லுவது. தொடக்க நிலையில் உள்ளார்க்குப் படிக்கட்டாவது.

ஈடு வந்த வழி

ஒரே நம்பிள்ளையின் திருவடிகளில் கேட்டவர்கள் பெரியவாச்சான்பிள்ளையும் வடக்குத் திருவீதிப்பிள்ளையும். விளைந்தவையோ இருபத்துநாலாயிரமும் முப்பத்தாறாயிரமுமாகிய இரு வ்யாக்யானங்கள். முன்னது நம்பிள்ளையின் நியமனத்தால் எழுதப்பட்டது. பின்னதோ, பகலில் கேட்டதை இரவில் எழுதி நியமனமின்றி வைக்கப்பட்டது. நம்பிள்ளை அதனைக் கண்டு, பொருள் குறைவற அமைந்திருப்பதை உகந்தும், நியமனமின்றி எழுதப்பட்டதாதலின் வாங்கித் தம்மிடம் வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவப்பெருமாளுக்குக் கொடுத்தருளினார். அவரிடமிருந்து அவர் குமாரர் பத்மநாபப்பெருமாளுக்கும், அவரிடமிருந்து நாலூர்ப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து அவர் குமாரர் நாலூராச்சான்பிள்ளைக்கும், அவரிடமிருந்து திருவாய்மொழிப்பிள்ளைக்கும் ஈடு வந்தது. திருவாய்மொழிப்பிள்ளையின் திருவடிகளில் அதனைக் கேட்டவர் மணவாளமாமுனிகள். அவர் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே, எல்லோரும் கேட்க, ஓராண்டு காலம் ஈட்டை ஸாதித்தருளினார். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்த சுவடி, அன்று முதல் அனைவருக்கும் உரியதாயிற்று.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மாமுனிகள் ஈட்டை வெளியிட்டதோடு நில்லாமல், அதில் எடுத்தாளப்பட்ட ப்ரமாண வாக்யங்களின் ஆகரங்களைத் தேடி ஈட்டுப் ப்ரமாணத் திரட்டையும் அருளிச்செய்தார். இன்ன வாக்யம் இன்ன நூலில் உள்ளது என்று திரட்டுவது தகவல் நிலையிலுள்ள பணி. ஈட்டின் பொருள் முழுவதும் கைவந்தவரான மாமுனிகள் அப்பணியைத் தமக்குத் தாழ்வாகக் கருதவில்லை. பின்வருவார் தாமே சென்று பார்த்துத் தெளிய வேண்டும் என்னும் கருணையே அதற்குக் காரணம். ஈட்டின் ஸாரத்தை நூறு பாசுரங்களில் அடக்கித் திருவாய்மொழி நூற்றந்தாதி அருளிச்செய்தவரும் அவரே. முப்பத்தாறாயிரம் படியை நூறு பாசுரங்களாகச் சுருக்க, முழுப்பொருளும் கைவந்தவரால் மட்டுமே இயலும். அந்நூறு பாசுரங்களை மீண்டும் ஈடாக விரித்துக் காண, ஈட்டைக் கேட்டவரால் மட்டுமே இயலும்.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிச்செய்த வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லுக்கு இரையாயிற்று. மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் வ்யாக்யானம் அருளிச்செய்து, பிள்ளையின் சுவடி எஞ்சி நின்ற இடத்தில் தம் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார். முழுவதற்கும் புதிதாக எழுத வல்லவர் அவர். எஞ்சியதைத் தொடாது காத்ததில் சொல்லுக்கு அவர் கொடுத்த மதிப்பும், அழிந்ததை நிரப்பியதில் பொருளில் அவருக்கிருந்த உறுதியும் ஒருங்கே விளங்குகின்றன.

இக்காலத்தில் நிற்பதும் அறுவதும்

ஓலையில் இருந்தவை அச்சேறின. தெலுங்கு லிபியிலும் கிரந்த லிபியிலும் அச்சான க்ரந்தங்கள் பின்னர்த் தமிழ் லிபியில் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட புருஷோத்தம நாயுடுவின் ஈட்டின் தமிழாக்கம், மணிப்ரவாளம் அறியாதார்க்கும் ஈட்டின் வாசலைத் திறந்தது. இன்றோ ஈடு முழுவதும் ஒரு கைப்பேசியில் சில நிழற்படங்கள் கொள்ளும் இடத்தில் அடங்கிவிடுகிறது. ஐந்து தலைமுறை ஒரு கையிலிருந்து ஒரு கைக்கு வந்த ஸ்ரீகோசத்தை, ஒரு நொடியில் ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். காலக்ஷேபங்களின் ஒலிப்பதிவுகளும் கடல் கடந்து கேட்கப்படுகின்றன.

இதனைக் கண்டு வருந்துவது பூர்வாசார்யர்களின் நடைக்கு ஒவ்வாது. ஆசையுடையார்க்கெல்லாம் வழங்கிய எம்பெருமானாரின் வழியில் நின்றார், எழுத்து எங்கும் பரவுவதை அஞ்சார். எழுத்து பரவாது ஒரு காலத்தில் நாலாயிரமும் மறைந்து, பதினொரு பாசுரங்கள் மட்டும் சிலர் நாவில் எஞ்சிய அநுபவம் முன்னமே உண்டு. ஆயினும் எழுத்து பரவியதனாலேயே ஜ்ஞானமும் பரவியதாகக் கொள்வது, மேல்நாட்டு ஸ்ரீவைஷ்ணவர்கள் பாடிய பதினொரு பாசுரங்களே திருவாய்மொழி என்று அமைவது போலாகும்.

ஈட்டில் ஒரு பாசுரத்திற்குப் பலவிடங்களில் ஆளவந்தார் நிர்வாஹம், எம்பெருமானார் நிர்வாஹம், பட்டர் நிர்வாஹம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் சொன்னவர் பெயரோடு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றைத் துணுக்காகப் பிரித்து அனுப்பும்போது மற்றவை அறுபடுகின்றன. பெறுபவர் அதுவே ஈட்டின் முடிபு என்று கொண்டு மற்றொருவரோடு வாதிடுகிறார். அவர் கையிலோ அதே ஈட்டின் மற்றொரு துணுக்கு உள்ளது. இருவரும் காட்டுவது மெய்யான வாக்யம். இருவருக்கும் வாராதது, அந்நிர்வாஹங்கள் அருகருகே வைக்கப்பட்டதன் கருத்து. அதனைச் சொல்லுதற்கு முன்பின் அறிந்த ஒருவர் வேண்டும். கேட்டவர் ஐயத்தை எழுப்பவும், அவ்வையத்தின் வேரை அறிந்து சொல்லவும் இடம் வேண்டும். காலக்ஷேப கோஷ்டி எனப்படுவது அவ்விடமே.

இம்முறையை மாமுனிகள் உபதேசரத்தினமாலையின் முடிவில் வகுத்துக் காட்டினார். முன்னோர் மொழிந்ததை முறை தவறாது கேட்டல், கேட்டதைப் பின்னர் ஆராய்ந்து தெளிதல், தெளிந்ததையே பிறருக்குச் சொல்லுதல் என்பன அவர் காட்டும் படிகள். அவ்வாறு செய்யாது தம் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லி, அதுவே சுத்த உபதேசப் பரம்பரையில் வந்தது என்பாரை அவர் கண்டித்தருளுகிறார். கேட்டலுக்கும் சொல்லுதலுக்கும் நடுவே ஆராய்தல் என்னும் படி இருப்பதை நோக்குதல் வேண்டும். கேட்ட நொடியிலேயே பிறருக்கு அனுப்பும் வசதி வந்த இக்காலத்தில் முதலில் அறுவது அந்நடுப்படியே. அது அறுமிடத்தில் செய்தி பெருகும். ஆனால் செய்தியை அனுப்பியவரிடத்திலும் பெற்றவரிடத்திலும் ஜ்ஞானம் பிறந்திராது.

சுவடி அழிந்தபோது பொருளறிந்தார் அதனை மீட்டதைக் காவிரிக்கரையிலும், பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்திலும் கண்டாயிற்று. பொருளறிந்தார் அற்றுப்போனால், இருக்கும் சுவடிகள் அவர்களை உண்டாக்கித் தாரா. ஆதலின் க்ரந்தங்களைத் தொகுத்து யாவருக்கும் எட்டச் செய்வாரின் கைங்கர்யமும், சிலரையேனும் அருகிருத்தி அடிதொறும் பொருள் சொல்வாரின் கைங்கர்யமும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன. நஞ்சீயர் இரண்டையும் செய்தார்: முதலில் பொருளை ஸாதித்தார், பிறகு சுவடியைக் கொடுத்தார். அந்த வரிசை மாறாதிருக்குமளவும், ஆற்றோடு போகக்கூடியது ஓலை மட்டுமே.